உயிரோடிருந்தவளுக்கு ஒரு வெள்ளைக்கொடி

எங்கள் அலுவலகத்து ஜீப்பில் ஏறினால் எனக்குத் தூக்கம் வந்துவிடும். மாத்தளை நகரம் முடிந்து இரத்தோட்டை வீதியில் வளைவுகள் தொடங்கியதும் கண் சொக்கும். முழுத் தூக்கம் என்றும் சொல்ல முடியாது, விழிப்பு என்றும் சொல்ல முடியாது. மிளகுக்கொடி ஏறிய மரங்கள், முற்றங்களில் காயப்போட்ட கராம்பு, மழையில் நனைந்த பஸ் தரிப்பிடம் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று கரைந்துபோகும். முன் ஆசனத்தில், தொழிலாளர் பிணக்குகளை விசாரிக்கும் எங்கள் தொழில் அதிகாரி பேசிக்கொண்டே வருவார். அவர் பேசும் சிங்களம் என் அரைத்தூக்கத்துக்குள் தமிழாக வந்து விழும். நெடுங்காலம் மொழிபெயர்ப்பாளராக இருந்ததன் பலன் அது. தூக்கத்திலும் அரசாங்கத்துக்கு உழைக்கிறேன், அதற்கு மேலதிகக் கொடுப்பனவு ஒன்றும் இல்லை.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். இடமாற்றத்தில் மாத்தளைக்கு வந்தேன். கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தவள், ஊரின் ஈரமும் மணமும் உடம்பில் ஊறிப்போய், திரும்பிப் போகும் எண்ணத்தையே எங்கேயோ தொலைத்துவிட்டேன். தோட்டத்துச் சனங்களின் தமிழ் என் வாய்க்கு வராது. என் தமிழைக் கேட்டால் அவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். ஆனாலும் எங்கள் அலுவலகத்தில் இரண்டு மொழியும் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை.

அந்தக் காலையில் அதிகாரி வழக்கத்தை விட உற்சாகமாக இருந்தார். கலேவெலயில் நெல் வயல்களுக்கு நடுவே பிறந்து வளர்ந்த மனிதர். ஓய்வுபெறும் காலம் நெருங்கிவிட்டதால் எதற்கும் அவசரப்படமாட்டார். இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெண்கள் ஒரு வாரமாகக் கொழுந்து பறிக்கப் போகவில்லையாம். தொழிற்சங்கம் அழைத்த வேலைநிறுத்தம் இல்லை அது. தமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று சங்கத்துக்காரர்களே அறிவித்துவிட்டார்கள். கம்பனி, இது சட்டத்துக்கு மாறானது என்கிறது. அரசாங்கம் தலையிட்டு அந்தப் பெண்களை மலைக்கு அனுப்ப வேண்டும் என்று இரண்டு தரப்புமே எங்கள் அலுவலகத்துக்குச் சொல்லியிருந்தன.

இதைச் சொல்லிவிட்டு அவர் விழுந்து விழுந்து சிரித்தார். இத்தனை வருட உத்தியோகத்தில், கம்பனியை நிறுத்து என்று சங்கம் கேட்டிருக்கிறது, சங்கத்தை நிறுத்து என்று கம்பனி கேட்டிருக்கிறது, இரண்டு பேரும் சேர்ந்து வந்து கேட்பது இதுதான் முதல் தடவை என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதிகாரப்பூர்வமில்லாத வேலைநிறுத்தம் என்ற சொல்லே எனக்குக் கொஞ்சம் எரிச்சலைத் தரும். எங்களுக்கு இல்லாத பழக்கமா அது? அரசாங்க ஊழியர்கள் நாங்கள் வேலைநிறுத்தம் செய்யமாட்டோம். எங்கள் எல்லோருக்கும் ஒரே காலையில் காய்ச்சல் வரும். சுகவீன விடுமுறை போட்டுவிட்டு வீட்டில் இருந்து பலாக்கொட்டை அவித்துத் தின்போம். மறுநாள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சுகமாகும். அதை யாரும் சட்டத்துக்கு மாறானது என்று சொன்னதில்லை. தோட்டத்துப் பெண்ணுக்கு அப்படிக் காய்ச்சல் வந்தால் அன்றைய பேர் இல்லை. பேர் என்றால் ஒரு நாள் கூலி. அங்கே பேர் விழுவது, பேர் வெட்டுவது என்றுதான் பேசுவார்கள்.

முதல் நாளே அலுவலகத்தில் இது காதில் விழுந்திருந்தது. அன்று மாலை, நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரரான நானாவிடம் இதைப் பற்றிச் சொல்லியிருந்தேன். மிளகு, சாதிக்காய் விற்கும் முஸ்லிம் வியாபாரி. சங்கத்துக்குள் நடக்கும் சண்டையில் அரசாங்கம் நுழையலாமா என்று கேட்டேன். அவர் சாதிக்காயை உருட்டிப் பார்த்தபடி, “வரத்தான் வேணும் மிஸ். ஆனா அடுத்தவன்ட ஊட்டுக்குள்ள வாறது எண்டா செருப்பக் கழட்டிட்டு வரணும். கவர்மெண்டுக்கு அந்தப் பழக்கம் இல்லையே” என்றார். ஜீப்பில் கண் சொக்கும்போது அந்தச் செருப்புகள்தான் கனவில் வந்தன. தோட்டத்துச் சனங்கள் வரிசை அறைகளில் குடியிருக்கும் ஒரு லயத்து வாசலில் பெரிய பெரிய கறுப்புச் சப்பாத்துகள் வரிசையாக நிற்க, உள்ளே யாரோ வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தார்கள்.

அதிகாரி என்னை எழுப்பி முக்கியமான விஷயத்தைச் சொன்னார். அந்தத் தோட்டத்தில் சங்கத்தின் தலைவி ஒருத்தி இருக்கிறாள். பெண்கள் தாங்களே தெரிவு செய்தவள். “இது சங்கத்தின் வேலைநிறுத்தம் அல்ல” என்று அவள் எங்கள் முன்னால் சொல்ல வேண்டும் என்பதுதான் சங்கத்தின் கட்டளை. சொன்னால், அந்தப் பெண்கள் ஒவ்வொருத்தியும் தோட்டத்தை நடத்தும் துரைக்கு முன்னால் தனித்தனியாக நிற்க வேண்டி வரும். யாரை வேண்டுமானாலும் அவர் வேலையிலிருந்து நிறுத்தலாம். சொல்லாவிட்டால், சங்கம் தலைவியை நீக்கிவிடும். முன்னறிவித்தல் இல்லாமல் வேலையை நிறுத்தமாட்டோம் என்று சங்கம் கம்பனியோடு உடன்பட்டிருக்கிறது. இன்றைக்கு அவள் வாயிலிருந்து எந்தச் சொல் வருகிறதோ, அதை நான்தான் சிங்களத்தில் சொல்ல வேண்டும்.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். அவள் மத்தளம் என்றால், நான் அந்த இடியின் சத்தம். அதற்குப் பிறகு தூங்க மனம் வரவில்லை.

தோட்டத்துக்குள் நுழைந்ததும் ஜீப் தானாகவே மெதுவாகிப் போனது போலிருந்தது. அப்படியொரு அமைதி. சாதாரண நாட்களில் மலைச்சரிவில் தலைகள் அசையும், பேச்சுக் குரல் கேட்கும், எங்கேயோ கங்காணியின் அதட்டல் கேட்கும். அன்றைக்கு ஒன்றுமில்லை. பறிக்காமல் விட்ட தேயிலைச் செடிகள் இளம்பச்சையாக மேலே எழுந்து நின்றன. மலை முழுவதும் யாரோ புதுத் துணி விரித்தது மாதிரி. மூடுபனி அதன் மேல் வந்து படுத்துக்கிடந்தது. கம்பனிக்கு அது நட்டம், எனக்குத் தெரியும். ஆனால் என் கண்ணுக்கு அந்த மலை, வாழ்க்கையில் முதல் தடவையாக நன்றாகத் தூங்கி எழுந்த மாதிரி இருந்தது. அதைச் சொன்னால் அதிகாரி என்னைத் திட்டுவார் என்று வாயை மூடிக்கொண்டேன்.

லயத்துத் திருப்பத்தில் ஒரு மூங்கிலில் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. சாவு வீட்டுக் கொடி. சாரதி உடனே வானொலியை நிறுத்தினான். அதிகாரி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். வந்த நேரம் சரியில்லை, செத்த வீட்டில் வந்து விசாரணையா என்று நினைத்துக்கொண்டேன்.

இறங்கியதும் தண்ணீர் கேட்கும் சாட்டில் லயத்தின் முதல் அறைக்கு, முதல் காம்பிராவுக்குப் போனேன். வாசலில் நின்ற பெண் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். என் வயதுதான் இருக்கும். மெலிந்த உடம்பு, வெற்றிலைச் சிவப்பு ஏறிய உதடு, நேராகப் பார்க்கும் கண். அவள்தான் தலைவி என்று அங்கே மாட்டியிருந்த மேதினப் படத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். வெறுந்தேத்தண்ணி தந்தாள். ஆர் செத்தது என்று கேட்டேன்.

“யாரும் சாகலைங்க மிஸ்” என்றாள். சொல்லிவிட்டு, அழுவதா சிரிப்பதா என்று தெரியாதவள் போல முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். தோட்டத்தின் மேல் பக்கத்தில் ஒரு மலை, துப்புரவு செய்யாமல் காடாகிப் போயிருந்தது. தேயிலையை விடப் புல்லும் கொடியும் உயரம். அதற்குள் இருந்த பெரிய மரங்களில் குளவிகள் கூடு கட்டியிருந்தன. அங்கே கொழுந்து பறிக்கப் போன ஒருத்தியைப் பின்னேரம் குளவி மொய்த்துவிட்டது. தோட்டத்து லொறியில் போட்டு மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். புருஷன் கூடப் போனான். மறுநாள் விடியும்போது லொறி திரும்பி வந்தது. அவளும் இல்லை, புருஷனும் இல்லை. லொறிச் சாரதி அவளுடைய உடுப்பு, தலைத்துண்டு, இடுப்பில் கட்டும் படங்கு எல்லாம் போட்ட ஒரு பையை லயத்து வாசலில் வைத்துவிட்டு உரம் ஏற்றப் போய்விட்டான். பத்து வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை பேசுகிற ஆள் அவன். உடுப்புக்குள் செத்த குளவிகள் இருந்ததால் ஆஸ்பத்திரியில் கழற்றிக் கொடுத்துவிட்டிருக்கிறார்கள். அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் அந்தத் தோட்டத்தில் ஆள் வராமல் உடுப்பு மட்டும் வந்தால் அதற்கு ஒரு அர்த்தம்தான் உண்டு. பையைக் கண்டதும் மாமியார் மார்பில் அடித்துக்கொண்டு விழுந்துவிட்டாள். லயம் முழுவதும் ஒப்பாரி எழுந்தது. சாவு விழுந்தால் கொடி கட்டுவது அங்கே தலைவியின் வேலை. அவள் தன் வெள்ளைச் சேலையில் ஒரு பாதியைக் கிழித்து மூங்கிலில் கட்டினாள். கொடியைக் கண்டதும் எல்லாப் பெண்களும் கூடையை இறக்கி வைத்துவிட்டார்கள். சாவுக்கு வேலைக்குப் போவதில்லை என்பது அங்கே பழைய வழக்கம். யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. துரையும் கேள்வி கேட்பதில்லை. பெட்டி செய்ய அவரே பலகை அனுப்பி வைப்பார். அன்றைக்கும் அனுப்பி வைத்தார்.

போன் பண்ணிக் கேட்கவில்லையா என்றேன். எல்லார் கையிலும் போன் இருக்கிற காலத்தில் இப்படியும் ஒரு பிழையா என்று எனக்குள் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

“சாவு வூட்டுல யாருங்க மிஸ் போன் பண்ணி, செத்துட்டாங்களான்னு கேப்பாங்க?” என்றாள். 

மத்தியானம் தாண்டி, சார்ஜ் இறங்கிய போனோடு புருஷன் பஸ்ஸில் வந்து இறங்கினான். திருப்பத்தில் கொடியையும் தன் வாசலில் கூட்டத்தையும் கண்டு, தன் தாய்தான் போய்விட்டாள் என்று நினைத்து அவனே அழத் தொடங்கிவிட்டான். அவனைத் தேற்றப் போனவர்களிடம்தான், அவள் உயிரோடு இருக்கிறாள், முகம் வீங்கிக் கண் திறக்க முடியவில்லை, கஞ்சி குடித்தாள் என்று சொன்னான்.  ஒப்பாரி அப்படியே சிரிப்பாக மாறியதாம். சிரிப்பு நிற்காமல் எல்லோரும் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தார்களாம்.

அந்த நேரம் பார்த்துத்தான் வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை வந்து, சாவு இல்லையென்றால் நாளைக்கு எல்லோரும் அதே மலைக்கு வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். யாரும் வாக்குவாதப்படவில்லை. மறுநாள் பிரட்டுக்களத்துக்கு, அதாவது காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் முற்றத்துக்கு, எல்லாப் பெண்களும் வந்தார்கள். வந்து அங்கேயே உட்கார்ந்தார்கள். அப்படி உட்கார்ந்தவர்கள்தான். வேலையை நிறுத்து என்று யாரும் சொல்லவில்லை. அதனால், எழும்பு என்று சொல்லவும் ஆளில்லை.

கொடியை ஏன் அவிழ்க்கவில்லை என்று கேட்டேன். அது இன்னொரு சிக்கல் என்றாள். காரியம் முடிந்த பிறகுதான் கொடியை அவிழ்க்க வேண்டும். இங்கே சாவே இல்லை, காரியம் எங்கிருந்து வரும்? அவிழ்த்தால் ஆகாது என்றும், அவிழ்க்காவிட்டால் ஆகாது என்றும் குளவி கொட்டியவளின் மாமியார் தினமும் சண்டை. கட்டத்தான் வழக்கம் இருக்கிறது, தவறாகக் கட்டியதை அவிழ்க்க வழக்கம் இல்லை.

தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தபோது அவள் என் கையைப் பிடித்தாள். சங்கத்திலிருந்து முதல் நாளே போன் வந்ததாம். என்ன சொல்ல வேண்டும் என்று பாடம் படிப்பித்திருக்கிறார்கள். இந்தத் தலைவி வேலையைத் தவிர வாழ்க்கையில் தனக்கென்று தேடிக்கொண்டது எதுவும் இல்லை, அதை இழக்கப் பயமாக இருக்கிறது என்று வெளிப்படையாகவே சொன்னாள். எனக்கு அவளைப் பிடித்துப் போய்விட்டது. பயமில்லை என்று சொல்கிறவர்களை எனக்கு நம்ப முடிவதில்லை.

பெண்கள் அலுவலகத்துக்குள் வரமாட்டோம் என்றதால் விசாரணை பிரட்டுக்களத்திலேயே நடந்தது. உட்கார ஏதாவது வேண்டுமே. பெட்டி செய்ய வந்த பலகைகளை எடுத்துக் கற்களின் மேல் வைத்து வாங்கு போலாக்கியிருந்தார்கள். ஒன்றில் அதிகாரியும் நானும், மற்றதில் துரையும், நகரத்திலிருந்து வந்திருந்த சங்கப் பிரதிநிதியும். சவப்பெட்டிப் பலகையில் உட்கார்ந்துதான் அரசாங்கம் அன்றைக்கு விசாரணை நடத்தியது. அதிகாரிக்கு நான் அதைச் சொல்லவில்லை.

எதிரே பெண்கள் நிலத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி மற்றவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். ஒருத்தி கிழிந்த படங்கைத் தைத்துக்கொண்டிருந்தாள். மூடுபனி வந்து அவர்களை மூடும், பிறகு விலகும். மூடும்போது வெறும் குரல்கள் மட்டும் கேட்கும். விலகும்போது எல்லோரும் அதே இடத்தில் இருப்பார்கள். போராட்டம் என்றால் கோஷம் இருக்கும், கைகள் உயரும் என்று நான் பழகியிருந்தேன். இங்கே காலத்துக்குத்தான் யாரோ விடுமுறை கொடுத்துவிட்ட மாதிரி இருந்தது.

துரை சுருக்கமாகப் பேசினார். சாவுக்கு வேலைக்குப் போகாமல் நின்றதை அவர் குறை சொல்லவில்லை. சாவு பொய் என்று தெரிந்த பிறகும் ஏன் நிற்க வேண்டும் என்பதே அவருடைய கேள்வி. சங்கப் பிரதிநிதி நிறையப் பேசினார். அவரைக் கெட்டவர் என்று எழுதிவிட்டுப் போவது எனக்குச் சுலபம். ஆனால் அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது. மலைக்கு மலை ஒவ்வொருவரும் நினைத்தபோது உட்கார்ந்தால், கம்பனிக்காரன் நாளைக்கு எங்களை மேசைக்குக் கூப்பிட்டு எதற்குப் பேசப் போகிறான், சங்கம் என்று ஒன்று எதற்கு என்று கேட்டார். கேட்கும்போது அவர் குரல் உடைந்தது. இந்தச் சங்கத்துக்காக அடிபட்டவர்களின் பிள்ளை அவர் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

கடைசியில் அதிகாரி தலைவியைப் பார்த்து, இது சங்கத்தின் வேலைநிறுத்தமா, தொடங்கியது யார் என்று கேட்டார். நான் அதைத் தமிழில் சொன்னேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

தலைவி எழுந்து நின்றாள். சேலையைச் சரிசெய்துகொண்டாள்.  தலை வாரிக்கொண்டிருந்த கை நின்றது. தைத்த ஊசி நின்றது.

“கொடி கட்டினது நாந்தாங்க. மொத கூடைய எறக்கி வச்சதும் நாந்தாங்க” என்றாள். “ஒரு ஆளு செத்துப் போனா நாங்க நிக்கிறோம். சங்கத்த கேக்குறதில்ல, தொரய கேக்குறதில்ல. யாரும் எங்கள தப்பு சொன்னதில்ல. அவ சாகலைங்க. உசுரோட இருக்கா. சாவுக்கு நின்ன நாங்க, உசுருக்கு நிக்கக் கூடாதுங்களா?”

மொழிபெயர்ப்பாளர் உணர்ச்சியைக் காட்டக் கூடாது என்பது எங்களுக்குச் சொல்லித் தந்த முதல் பாடம். நான் அந்த வார்த்தைகளைச் சிங்களத்தில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். கடைசி வார்த்தை வந்ததும், இருமுவது போல இருமி, வெட்கமில்லாமல் மூக்கைச் சிந்தினேன்.

சங்கம் பேசச் சொன்ன வாக்கியம் அவள் வாயிலிருந்து வரவேயில்லை. பிரதிநிதி எழுந்து, போனை எடுத்துக்கொண்டு தூரப் போனார்.

அதிகாரி ஒரு தீர்மானமும் சொல்லவில்லை. அந்த மலையைப் பார்க்க வேண்டும் என்றார். துரை தயங்கினார். வாகனம் போகாது என்றார். நடக்கலாமே என்று இவர் எழுந்துவிட்டார். துரை, அதிகாரி, நான், தலைவி. போன் பேசி முடித்த பிரதிநிதியும் பின்னால் வந்தார். புல் இடுப்பளவு நனைத்தது. மேலே போகப் போகத் தலைவி கையைக் காட்டி எல்லோரையும் மெதுவாக்கினாள். பிறகு ஒரு மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

கூடு ஒரு பெரிய பலாக்காய் போலத் தொங்கியது. சாம்பல் நிறம். அதன் மேல் குளவிகள் அசைவது, கூடே மூச்சு விடுவது போலிருந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. இன்னொரு மரத்தில் இன்னொன்று.  துரை கழுத்துப்பட்டியை உயர்த்திக்கொண்டார். பிரதிநிதி, குளவியின் கண்ணில் பட்டுவிடுமோ என்று தன் வெள்ளைச் சட்டையைப் பார்த்துக்கொண்டார். எங்கள் அதிகாரி சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தம் கேட்காமல், ஒவ்வொரு அடியாகப் பின்னால் வைத்து வந்தார். நானாவின் பேச்சு எனக்கு ஞாபகம் வந்தது. அரசாங்கம் செருப்பைக் கழற்றியதை என் இரண்டு கண்ணாலும் கண்டேன். சிரிக்கவும் முடியாது, குளவிக்குக் கேட்டுவிடும்.

கீழே இறங்கிய பிறகு அவர் சொன்னது சிறியது. அந்த மலையைத் துப்புரவு செய்து கூடுகளை அகற்றும் வரை அங்கே யாரையும் அனுப்பக் கூடாது. மற்ற மலைகளுக்குப் பெண்கள் போகலாம். நின்ற நாட்களுக்காக யாரையும் வேலையிலிருந்து நிறுத்தக் கூடாது. துரை ஒத்துக்கொண்டார். மேலே போய் வந்த மனிதரால் ஒத்துக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை என்று நினைக்கிறேன். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒருத்தி எழுந்து கூடையை எடுத்தாள்.

நாங்கள் ஜீப்பில் ஏறும்போது பிரதிநிதி தலைவியிடம் ஏதோ தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் தலையைக் குனிந்து கேட்டாள். பிறகு எங்களிடம் வந்து, சங்கம் தன்னை நீக்கிவிட்டது, இனி வேறொருவர் தலைவர் என்று சொன்னாள். இரவல் வாங்கிய சாமானைத் திருப்பிக் கொடுத்த மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். முகம் மட்டும் வெளிறிப் போயிருந்தது.

திரும்பி வரும்போது எனக்குத் தூக்கம் வரவில்லை. மூக்குக்கு மேல் கோபம். துரையின் கையைப் பிடித்துத் தடுக்க முடிந்த அரசாங்கத்துக்குச் சங்கத்தின் கையைப் பிடிக்க முடியாதா, அவள் செய்த குற்றம் என்ன, நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமே என்று முன் ஆசனத்து முதுகைப் பார்த்துக் கேட்டுவிட்டேன். அப்படி அவரிடம் பேசியதில்லை. சாரதி கண்ணாடியில் என்னைப் பார்த்தான்.

அவர் கோபிக்கவில்லை. வெளியே பார்த்தபடி, கலேவெலயில் தன் தகப்பன் வாய்க்காலின் மதகைக் காவல் காத்த கதையைச் சொன்னார். பக்கத்து வயல்காரன் நல்லவன், தண்ணீர் இல்லாமல் பயிர் வாடுகிறது. ஆனாலும் இரவில் ஒருவனுக்காக மதகைத் திறந்தால், திறக்கலாம் என்பது ஊருக்கே தெரிந்துவிடும். குளவி என்றால் நான் போவேன், உயிர் போகும் விஷயம் என்றால் எந்த வாசலையும் தட்டுவேன் என்றார். சங்கத்துக்கு யார் தலைவி என்பதில் இன்றைக்கு அவளைக் காப்பாற்ற நான் நுழைந்தால், நாளைக்கு அவளைப் போல ஒருத்தியைத் துரத்த இன்னொருவன் அதே வழியால் நுழைவான். அவனுக்கு வழி காட்டியவன் நானாக இருப்பேன் என்றார்.

அவர் சொன்னது சரி. எனக்கு ஆறுதலாக இருக்கவில்லை, அவ்வளவுதான். சரியானது எல்லாம் ஆறுதலாக இருக்க வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது?

கொஞ்ச நாள் கழித்து, மலையைத் துப்புரவு செய்தார்களா என்று பார்க்க மறுபடியும் போனோம். இரத்தோட்டை பஸ் தரிப்பிடத்தில் ஒரு ஆணும் பெண்ணும் நின்றார்கள். போன தடவை லயத்தில் தலைவி காட்டித் தந்த ஆளை அடையாளம் கண்டேன். ஆஸ்பத்திரிக்குப் போன அந்தப் புருஷன். பக்கத்தில் நின்றவள் முக்காடிட்டிருந்தாள். முக்காட்டுக்குள் முகம் இன்னும் வீக்கம் வடியாமல், ஒரு கண் மட்டும் நன்றாகத் திறந்திருந்தது. அன்றைக்குத்தான் வீட்டுக்கு விட்டிருந்தார்கள். அரசாங்க வாகனத்தில் வெளியாட்களை ஏற்றக் கூடாது. அதிகாரி கதவைத் திறந்துவிட்டு, மழை வரப் போகிறதா என்று மறுபக்கம் திரும்பி வானத்தைப் பார்த்தார்.

அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மருந்து மணத்தது.  கீழ்ச்சரிவுகளில் பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. அவள் அந்த ஒற்றைக் கண்ணால் ஒவ்வொருத்தியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

லயத்துத் திருப்பத்தில் வெள்ளைத் துணி இன்னும் பறந்துகொண்டிருந்தது. மழையில் நனைந்து, வெயிலில் காய்ந்து, ஓரம் பழுப்பேறிப் போயிருந்தது. அவிழ்க்க யாருக்கும் துணிவு வரவில்லை. அவள் ஜீப்பை நிறுத்தச் சொன்னாள். இறங்கி அதன் கீழே போய் நின்றாள். தன் சாவைத் தானே நின்று பார்க்கக் கொடுத்து வைத்தவர்கள் உலகத்தில் எத்தனை பேர்?  நாங்கள் எல்லோரும் இறங்கி நின்றோம்.

மூங்கிலை வளைக்கச் சொன்னாள். புருஷன் வளைத்தான். வீங்கிய விரல்களால் முடிச்சை மெதுவாக அவிழ்த்தாள். மாமியார் வாசலில் நின்று பார்த்தாள், தடுக்கவில்லை. செத்தவளே வந்து அவிழ்த்தால் அதற்கு மேல் யார் என்ன சொல்வது? துணியை உதறி, நாலாக மடித்து, நேராக முதல் காம்பிராவுக்கு நடந்தாள். அது முன்னாள் தலைவியின் வீடு. காலில் காயம் பட்டதால் அவள் அன்றைக்கு வேலைக்குப் போகாமல் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். இவளைக் கண்டதும் சுளகை வைத்துவிட்டு எழுந்தாள். 

பிறகு இவள் துணியை நீட்டினாள். “வச்சிக்கங்க அக்கா. நெசமா சாகும்போது நீங்கதான் கட்டணும். வேற ஆளு கட்டுனா நான் எந்திரிச்சி வந்துருவேன்.”

அதிகாரி என் பக்கம் குனிந்து, என்ன சொல்கிறாள் என்று கேட்டார். சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றினார். அந்த வாசலை நோக்கி ஒரு அடி வைத்தவர், மதகுக் கதை ஞாபகம் வந்ததோ என்னவோ, அங்கேயே நின்றுவிட்டார்.